காவலுக்கு ஓர் ஆள்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா பையன் கட்டிலில் குப்புறப் படுத்து, சார்ஜரில் செருகிய போனில் பி.ஜி.எம்.ஐ. ஆடிக்கொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். ஒரு பாழடைந்த வீடு, மாடிப்படி, ஜன்னல். ஜன்னலோரம் துப்பாக்கியோடு ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறான். ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு நிமிடம் ஆயிற்று, அவன் அசையவே இல்லை.

"ஏண்டா, சும்மா உக்காந்துட்டே இருக்கே? சுடலையா?"

"சும்மா இல்ல மாமா. வீட்டைப் புடிச்சு வச்சிருக்கேன். அவனுங்க மூணு பேரும் வர்ற வரைக்கும் நான் நகரக் கூடாது."

சுடுகிற ஆட்டத்தில் சுடாமல் உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலை. அதுவும் குழுவுக்காகச் செய்கிற வேலை. நான்கு பேரில் ஒருவன் இடத்தைப் பிடித்து வைக்கிறான், மற்ற மூவர் வந்து சேர்கிறார்கள், ஆடுகளத்தின் வட்டம் சுருங்கும்போது அந்த வீடு யார் கையில் இருக்கிறதோ அவர்கள் பக்கம் ஆட்டம் சாய்கிறது. எத்தனை பேரைச் சுட்டாய் என்பதைவிட எந்த இடத்தில் நிற்கிறாய் என்பது பெரிது என்ற இந்தப் புத்தி அவன் போனுக்கு வந்து சேர 2,500 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருக்கிறது. வழியில் அதைச் சுமந்து வந்தவர்களில் ஒரு சினிமா இயக்குநர் உண்டு, ஒரு தபால்காரர் உண்டு, கல்லூரிக் கணினியில் திருட்டுத்தனமாக ஆடிய மாணவர்கள் ஏராளம்.

பயணம் சீனாவில் தொடங்குகிறது. அங்கே வெய்ச்சி என்று ஓர் ஆட்டம். கொரியாவில் அதன் பெயர் பாதுக், ஜப்பானில் கோ. தமிழில் கோ என்றால் அரசன். வேடிக்கை என்னவென்றால் இந்த ஆட்டத்தில் அரசனே கிடையாது. மந்திரி, யானை, குதிரை எதுவும் இல்லை. குறுக்கே 19 கோடு, நெடுக்கே 19 கோடு, அவை வெட்டிக்கொள்ளும் 361 புள்ளிகள். கறுப்புக் கல், வெள்ளைக் கல். வைத்த கல்லை நகர்த்த முடியாது. எதிரியின் கற்களைச் சூழ்ந்து எடுக்கலாம்தான், ஆனால் கடைசியில் எண்ணுவது யார் அதிக இடத்தை வளைத்தார்கள் என்பதை. நம் சதுரங்கத்தில் ராஜாவை மடக்கினால் தீர்ந்தது. கோ ஆட்டத்தில் கொலை என்பது இடம் பிடிப்பதற்கான வழிகளில் ஒன்று, அவ்வளவுதான்.

எதிரியின் கல்லுக்கு மூச்சுவிட ஒரே ஒரு புள்ளிதான் மிச்சம் என்ற நிலைக்கு ஜப்பானியர்கள் வைத்த பெயர் 'அடாரி'. 1972இல் கலிபோர்னியாவில் நோலன் புஷ்னெல் என்கிற கோ பிரியர், நண்பரோடு சேர்ந்து வீடியோ கேம் கம்பெனி தொடங்கியபோது அந்தச் சொல்லையே பெயராக வைத்தார். உலகெங்கும் வீடியோ கேமைப் பரப்பிய அடாரி, நிலம் வளைக்கும் ஆட்டத்தின் எச்சரிக்கைச் சொல். ஆனால் நம் கதை அந்த நேர்வழியில் போகவில்லை. ஜெர்மனியைச் சுற்றிக்கொண்டு வந்தது.

சதுரங்கம் இந்தியாவிலிருந்து பாரசீகம் போய், அரபிகளிடம் போய், ஐரோப்பாவில் செஸ் ஆனது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. 1780இல் பிரவுன்ஷ்வைக் நகரத்தில், பிரபுவின் அரண்மனையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த ஹெல்விக் என்கிற கணித ஆசிரியர் அதைக் கையில் எடுத்தார். 64 கட்டங்கள் போதவில்லை. 1,617 கட்டங்கள் ஆக்கினார். மலைக்குச் சிவப்பு, தண்ணீருக்கு நீலம், சதுப்புக்குப் பச்சை என்று தரைக்கு நிறம் பூசினார். எல்லாவற்றுக்கும் மேலாக ராஜாவைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் கோட்டையை வைத்தார். எதிரியின் கோட்டையைப் பிடித்தால் வெற்றி. சதுரங்கத்தின் ஒரு கிளை அங்கேதான் ஆளிலிருந்து இடத்துக்குத் தாவியது.

நல்லது ஒன்று வந்தால் நாலு பேர் காப்பியடிப்பார்கள். அப்படித் தொடர்ந்தவர்களில் முக்கியமானவர்கள் பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் என்ற அப்பாவும் மகனும். அப்பா 1812இல் மன்னருக்கு ஒரு மேஜை செய்து கொடுத்தார்; மேலே அடுக்கி மாற்றக்கூடிய நிலத்துண்டுகள், கீழே இழுப்பறைகள். அரச குடும்பம் அதை ஆடி மகிழ்ந்தது. ராணுவ அதிகாரியான மகன் 1824இல் கட்டங்களையே எறிந்துவிட்டு, நிஜ வரைபடத்தை 1:8000 அளவில் விரித்து, சிவப்பு, நீலக் கட்டைகளைப் படைகளாக வைத்தார். நடுவில் ஒரு நடுவர். எதிரி எங்கே இருக்கிறான் என்பது நடுவருக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. இன்று போனில் 'மினிமேப்'பில் எதிரி தெரியாமல் இருப்பதும், அணிகள் சிவப்பு, நீலமாகப் பிரிந்து நிற்பதும் இந்த ஆட்டத்தில் அன்றே இருந்தவை. தலைமைத் தளபதி மியூஃப்லிங் அரைமனதாகப் பார்க்க வந்து, இது விளையாட்டில்லை, போர்ப் பயிற்சி என்று வியந்து போனார். மகன் ரைஸ்விட்ஸுக்கு அந்தப் புகழ் நிலைக்கவில்லை. 1827இல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். 1871இல் பிரஷ்யா பிரான்சைத் தோற்கடித்த பிறகு, ஜெயித்தவன் என்ன ஆடினான் என்று மற்ற நாட்டு ராணுவங்கள் துழாவின. அதற்கடுத்த ஆண்டே ஆங்கிலத்தில் அந்த ஆட்டத்துக்கு ஒரு பதிப்பு வந்துவிட்டது.

ராணுவத்திடமிருந்து ஆட்டம் மறுபடி வீட்டுக்குள் வந்தது 20ஆம் நூற்றாண்டில். அல்பேர் லாமொரிஸ் என்கிற பிரெஞ்சு இயக்குநரை, ஒரு சிறுவனையும் ஒரு பலூனையும் வைத்து எடுத்த 'சிவப்பு பலூன்' என்ற குறும்படத்துக்காக சினிமாக்காரர்களுக்குத் தெரியும். ஆஸ்கர் வாங்கிய படம். அவ்வளவு மென்மையான படத்தை எடுத்த மனிதர் அடுத்த ஆண்டு, 1957இல், 'உலகத்தை வெல்லுதல்' என்று ஒரு பலகை ஆட்டம் கொண்டுவந்தார். 1959இல் அமெரிக்கக் கம்பெனி ஒன்று அதற்கு 'ரிஸ்க்' என்று பெயர் மாற்றி விற்றது.

ரிஸ்கில் 42 நாடுகள். ஒரு கண்டம் முழுக்கப் பிடித்தால் ஒவ்வொரு முறையும் கூடுதல் படை இனாம். ஆசியாவைப் பிடித்தால் 7, ஆஸ்திரேலியாவைப் பிடித்தால் வெறும் 2. ஆனாலும் பழகியவர்கள் ஆஸ்திரேலியாவுக்குத்தான் ஓடுவார்கள், ஏனென்றால் அங்கே நுழைய ஒரே வாசல். வாசலில் படையைக் குவித்தால் தூங்கலாம். ஆசியாவை வைத்திருப்பவனுக்குத் தூக்கமே வராது. இன்னொரு சின்ன விதியும் உண்டு: பிடித்த நாட்டை விட்டு முன்னேறும்போது குறைந்தது ஒரு படையையாவது பின்னால் நிறுத்திவிட்டுத்தான் போக வேண்டும். பெரிய விஷயமாகத் தெரியாது, ஆனால் இடம் பிடிக்கும் ஆட்டங்களின் தலைவலி முழுவதும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. பிடிக்க ஆள் கிடைக்கும். காவலுக்கு யார் நிற்பது?

அதே காலத்தில் ஹார்வர்டில் படித்த ஆலன் கால்ஹாமர் 'டிப்ளமசி' என்ற ஆட்டத்தை உருவாக்கி, 1959இல் கைக்காசு போட்டு 500 பிரதிகள் அச்சடித்தார். முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பா, ஏழு வல்லரசுகள், 34 கேந்திரங்கள். 18 பிடித்தால் வெற்றி. பகடை கிடையாது. கூட்டு சேராமல் ஓர் அடி நகர முடியாது, கூட்டாளியின் முதுகில் குத்தாமல் ஜெயிக்கவும் முடியாது. ஏழு பேரை ஒரே மேஜையில் நாள் முழுக்க உட்காரவைப்பது கஷ்டம் என்பதால் 1963 முதல் ரசிகர்கள் அதைத் தபாலில் ஆட ஆரம்பித்தார்கள். முகம் பார்க்காதவர்கள், வெவ்வேறு ஊரில் இருந்துகொண்டு, கடிதம் எழுதி எல்லை வகுத்தார்கள். ஆன்லைன் என்ற சொல் வருவதற்கு முன்பே ஆன்லைன் ஆட்டம்! இதில் கதாசிரியன்கூடத் துணிந்து எழுதமாட்டான் என்கிற மாதிரி ஒரு பொருத்தம்: கால்ஹாமர் பிற்பாடு பார்த்த உத்தியோகம், இல்லினாய் மாநிலத்தில் தபால்காரர் வேலை.

அதே இல்லினாயின் பல்கலைக்கழகத்தில்தான் அடுத்த கட்டம் பிறந்தது. 1970களில் அங்கே பிளேட்டோ என்று ஒரு கணினி வலை இருந்தது. பாடம் நடத்துவதற்காகக் கட்டியது. ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும் திரைகள் பல ஊர்க் கல்லூரிகளில் இருந்தன. பையன்களிடம் அப்படி ஒன்றைக் கொடுத்தால் பாடமா படிப்பார்கள்? 1973இல் அயோவா மாணவர் ஜான் டாலெஸ்கி அதில் 'எம்பயர்' எழுதினார். விண்வெளி, கிரகங்கள், 'ஸ்டார் ட்ரெக்' தொடரிலிருந்து எடுத்த பெயர்களில் நான்கு இனங்கள். ஒவ்வொரு இனத்துக்கும் பலர் சேர்ந்து ஆடி, எதிரியின் கிரகங்களைப் பிடிக்க வேண்டும்.

இதைப் பார்த்து ஒருவர் எழுத, அதைப் பார்த்து இன்னொருவர் எழுத, 1986 வாக்கில் பெர்க்லி மாணவர்கள் கையில் 'எக்ஸ்ட்ரெக்' ஆனது. சில ஆண்டுகளில் இணையத்தில் ஓடும் 'நெட்ரெக்' ஆனது. காப்பியின் காப்பியின் காப்பி. ஆனால் அசலைவிடக் கூர்மையான காப்பி.

நெட்ரெக்கைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பக்கத்துக்கு எட்டு பேர். மொத்தம் 40 கிரகங்கள், இனத்துக்குப் பத்து. எதிரியின் கிரகத்தைப் பிடிக்க வேண்டுமானால் முதலில் குண்டு போட்டு அங்கிருக்கும் படைகளைக் குறைக்க வேண்டும்; பிறகு நம் படைகளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய் இறக்க வேண்டும். படை ஏற்ற ஒரு நிபந்தனை உண்டு. ஓர் எதிரிக் கப்பலை அழித்தவனால்தான் இரண்டு படை ஏற்ற முடியும். இரண்டை அழித்தால் நான்கு. ஆக, கொலை செய்வது பஸ்ஸுக்கு டிக்கெட் எடுப்பது மாதிரி. டிக்கெட்டை எண்ணிக்கொண்டு பஸ் ஸ்டாண்டிலேயே நின்றால் ஊர் போய்ச் சேர முடியாது. அழித்தவன் செத்துப்போனால் டிக்கெட்டும் போச்சு, ஏற்றிய படையும் போச்சு. அதனால் படை ஏற்றிய கப்பலுக்கு முன்னும் பின்னும் நண்பர்கள் காவல் போவார்கள். எதிரிகளோ தங்கள் உயிர் போனாலும் பரவாயில்லை என்று நேராக அந்தக் கப்பல்மேல் பாய்ந்து இரண்டையும் அழிப்பார்கள். இந்தத் தற்கொலைப் பாய்ச்சலுக்கு ஆட்டக்காரர்கள் வைத்த பெயர் 'ஆக்'.

அந்தச் சொல் உங்கள் காதுக்குள்ளேயே இருக்கலாம். நெட்ரெக் பித்துப் பிடித்த புரோகிராமர்கள் பின்னாளில் இலவசமாக ஓர் ஒலிக்கோப்பு வடிவத்தை உருவாக்கியபோது இந்த 'ஆக்'கையே பெயராக வைத்தார்கள். ஸ்பாட்டிஃபையில் இளையராஜா கேட்கிறவர்கள் பல வருடங்களாகப் பெரும்பாலும் ஆக் வோர்பிஸ் கோப்புகளைத்தான் கேட்டு வந்திருக்கிறார்கள்.

1996இல் 'க்வேக்' என்ற சுடும் ஆட்டம் வந்தது. அதைச் செய்த கம்பெனியின் புத்திசாலித்தனம், ஆட்டத்தை மாற்றி எழுதும் வசதியை வாங்கியவர்களுக்கே கொடுத்துவிட்டது. கனடாக்காரர் டேவ் கிர்ஷ் அதில், சாரணர் முகாம்களில் பையன்கள் ஆடும் கொடி பறிக்கும் ஆட்டத்தைச் செருகினார். எதிரியின் கொடியைத் தூக்கி வந்தால் மட்டும் போதாது. உன் கொடி உன் வீட்டில் பத்திரமாக இருந்தால்தான் புள்ளி. அதாவது, யாராவது ஒருவன் வீட்டில் இருந்தாக வேண்டும். யார் இருப்பார்கள்? எல்லோருக்கும் ஓடத்தான் ஆசை.

அதே ஆண்டு ஆஸ்திரேலியாவில் மூன்று பேர் — ராபின் வாக்கர், ஜான் குக், இயன் காக்லி — 'டீம் ஃபோர்ட்ரெஸ்' எழுதினார்கள். ஆட்டக்காரர்களை மருத்துவர், ஒற்றர், இன்ஜினியர் என்று வகை பிரித்தார்கள். இன்ஜினியர் தானாகச் சுடும் துப்பாக்கி ஒன்றைக் கட்டி நிறுத்துவார். காவலுக்கு ஆள் வரவில்லையா, சரி, மிஷினை நிறுத்து! ஊதியமில்லாமல் எழுதிய அந்த ஆட்டத்துக்காகவே வால்வ் கம்பெனி வாக்கரையும் குக்கையும் அமெரிக்காவுக்கு அழைத்து வேலை கொடுத்தது. என்னைக் கேட்டால், மொத்தக் கதையிலும் காவல் வேலையை வேடிக்கையாக மாற்றிய முதல் ஆட்கள் இவர்கள்தான்.

கணக்கு வழியாக அந்தக் காவல் சிக்கலைத் தீர்த்தவர்கள் ஸ்வீடன்காரர்கள். ரிஃப்ராக்‌ஷன் கேம்ஸ் என்ற சின்னக் கம்பெனி 1999இல் 'கோட்நேம் ஈகிள்' என்று ஓர் ஆட்டம் கொண்டுவந்தது. ஓகோ என்று ஓடவில்லை. அந்தக் கம்பெனியை விலைக்கு வாங்கிய டைஸ், அதே ஆட்களை வைத்து 2002இல் 'பேட்டில்ஃபீல்ட் 1942' செய்தது. 64 பேர், டாங்கி, விமானம், கப்பல், ஆங்காங்கே கொடிக்கம்பங்கள். கொடியருகே சற்று நேரம் நின்றால் அது உன்னுடையதாகும். செத்தால் அந்தக் கொடியருகிலேயே மறுபடி பிறக்கலாம்.

இரு பக்கத்துக்கும் ஆரம்பத்தில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் 'டிக்கெட்'. ஓர் ஆள் செத்து மறுபடி பிறக்கும்போது ஒரு டிக்கெட் குறையும். எதிரி கையில் பெரும்பான்மைக் கொடிகள் இருந்தால், ஒருவரும் சாகாமலேயே டிக்கெட்டுகள் சொட்டுச் சொட்டாக வடியும். ஓட்டைப் பானை மாதிரி. மைதானத்தின் நடுவில் முப்பது பேர் வீராவேசமாகச் சுட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருவன் சத்தமில்லாமல் ஜீப்பை எடுத்துக்கொண்டு சுற்றுப்பாதையில் போய், காவலில்லாத ஒரு கொடியை மாற்றிவிட்டு வருவான். சுட்டவர்களுக்குப் புகழ், ஜீப்காரனுக்கு வெற்றி. இலவச முன்னோட்டமாகக் கொடுத்த வேக் தீவு வரைபடத்திலேயே ஆட்டக்காரர்கள் மாதக்கணக்கில் கிடந்தார்கள். நிஜ வேக் தீவை 1941 டிசம்பரில் ஜப்பான் பிடிக்க இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. இங்கே ஒரு டீ குடிக்கிற நேரத்தில் கை மாறிவிடும்.

காவலுக்கு ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு உலகின் ஆகப்பெரிய உதாரணம் ஐஸ்லாந்துக் கம்பெனி ஒன்றின் ஆட்டத்தில் நடந்தது. ரெய்க்யாவிக்கில் சி.சி.பி. என்ற நிறுவனம் ஆரம்பக் காசுக்காக முதலில் ஒரு பலகை ஆட்டம் அச்சடித்து விற்றது; அந்தப் பணத்தில் வளர்ந்தது 2003இல் வெளியான 'ஈவ் ஆன்லைன்'. கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஒரே பிரபஞ்சம். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்த கூட்டணிகள், ஒற்றர்கள், தூதர்கள், துரோகிகள். கால்ஹாமர் பார்த்திருந்தால் அவர் ஆட்டம் என்றே நினைத்திருப்பார். ஒரு நட்சத்திர மண்டலம் உன்னுடையது என்றால் அதற்கு அன்று தவணை தவறாமல் வரி கட்ட வேண்டியிருந்தது.

2014 ஜனவரி 27. பி-ஆர்5ஆர்பி என்ற மண்டலத்துக்கு வரி கட்டாமல் போய்விட்டது. கரண்ட் பில் கட்ட மறந்த வீடு மாதிரி, மண்டலம் உரிமையாளர் இல்லாததாகிவிட்டது. அதை வைத்திருந்த கூட்டணியின் கப்பல்களும் சரக்கும் அங்கேதான் குவிந்திருந்தன. எதிரிகள் விடுவார்களா? பாய்ந்தார்கள். இரு தரப்பும் ஆளுக்கு ஆள் போன் போட்டு எழுப்பி அழைக்க, 7,500 பேருக்கு மேல் கலந்துகொண்டார்கள். கூட்டம் தாங்காமல் சர்வர், ஆட்டத்தின் நேரத்தையே பத்தில் ஒரு பங்கு வேகத்துக்குக் குறைத்தது. சண்டை 21 மணி நேரம் நடந்தது. கட்டி முடிக்கப் பல வாரங்கள் பிடிக்கும் 'டைட்டன்' கப்பல்கள் 75 அழிந்தன. நிஜப் பணத்தில் கணக்குப் போட்டவர்கள் 3 லட்சம் டாலர் என்றார்கள். கம்பெனி அந்தச் சிதைவுகளை அங்கேயே நினைவுச்சின்னமாக விட்டுவைத்தது. ஒரு பில் பாக்கிக்கு எழுப்பிய நினைவுச்சின்னம் வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தெரியாது.

அடுத்த ஆண்டு ஜப்பானின் நிண்டெண்டோ 'ஸ்பிளட்டூன்' வெளியிட்டது. பக்கத்துக்கு நான்கு பேர், மூன்று நிமிடம், துப்பாக்கியில் குண்டுக்குப் பதில் மை. முடிவில் எண்ணுவது தரையில் யார் நிறம் அதிகம் என்பதை மட்டுமே. யாரையும் அடிக்காமல் மூலைமுடுக்கெல்லாம் மை பூசிக்கொண்டே போகிற எட்டு வயதுக் குழந்தையும் தன் அணியை ஜெயிக்க வைக்கலாம். கோ பலகை மறுபடி விரிந்துவிட்டது, இந்த முறை கலரில்.

இனி நம் வீட்டுக் கட்டிலுக்கு வருவோம். பப்ஜியை உருவாக்கிய பிரண்டன் கிரீன் அயர்லாந்துக்காரர். 'பேட்டில் ராயல்' என்ற ஜப்பானியப் படத்தில், மாணவர்கள் சண்டையிடும் தீவைக் கட்டம் கட்டமாகப் பிரித்து ஒவ்வொரு கட்டமாகத் தடை செய்வார்கள். 2013 வாக்கில் ஒரு போர் ஆட்டத்தை மாற்றி எழுதிக்கொண்டிருந்த கிரீனும் சதுரமாகத்தான் செய்ய நினைத்தார். அவருக்கு புரோகிராம் எழுதுவதில் அவ்வளவு பழக்கமில்லை. சதுரத்தைவிட வட்டம் எழுதச் சுலபம். வட்டம் போட்டார். அந்த வட்டம் கொரியக் கம்பெனி வழியாக 2017இல் பப்ஜி ஆகி, அடுத்த ஆண்டு போனுக்கு வந்து, 2020 செப்டம்பரில் இந்தியாவில் தடையாகி, 2021 ஜூலையில் பி.ஜி.எம்.ஐ. என்று பெயர் மாற்றிக்கொண்டு திரும்பி வந்தது. 'ஸோன் சுருங்குதுடா' என்று தெருவுக்குத் தெரு பையன்கள் கத்துவதற்குக் காரணம் ஒருவருக்குச் சதுரம் எழுத வராததுதான்.

வட்டத்தால் ஒன்று தலைகீழானது. ரிஸ்கிலும் நெட்ரெக்கிலும் நிலம் அசையாது, ஆள்தான் நிலத்தைத் தேடிப் போவான். இங்கே நிலமே நகர்கிறது. இப்போது உயிரைக் கொடுத்துப் பிடித்த வீடு அடுத்த ஐந்து நிமிடத்தில் வட்டத்துக்கு வெளியே, நீலத்துக்குள் போய் ஒன்றுக்கும் உதவாமல் ஆகலாம். எராங்கல் வரைபடத்தில் தெற்கே ராணுவத் தளம் இருக்கும் தீவை நிலப்பகுதியோடு இணைப்பவை இரண்டே பாலங்கள். வட்டம் நிலப்பக்கம் விழுந்தால், தீவில் அள்ளிக்கொண்ட சாமான்களோடு எல்லோரும் அந்தப் பாலங்களைத்தான் கடக்க வேண்டும். மறுகரையில் ஒரு வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டு ஒரு ஸ்குவாட் காத்திருக்கும். லாமொரிஸின் ஆஸ்திரேலியா வாசல்தான், கொஞ்ச நேரத்துக்கு மட்டும்.

அக்கா பையன் காவல் காத்த வீட்டுக்கு மூன்று பேரில் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். கடைசி வட்டம் அந்த வீட்டின் கொல்லைப்புறத்தில் விழுந்தது. சிக்கன் டின்னர், அதாவது வெற்றி. முடிவுத் திரையில் அவன் பெயருக்கு நேரே கில் 0 என்றிருந்தது. நண்பர்கள் இரண்டு பேரும் தங்கள் எண்ணிக்கையைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். இவன் ஒன்றும் பேசவில்லை. உங்கள் வீட்டிலும் ஒருவன் இப்படிக் குப்புறப் படுத்து ஆடிக்கொண்டிருந்தால், எத்தனை பேரைச் சுட்டாய் என்று கேட்காதீர்கள். எந்த வீட்டைப் பிடித்து வைத்திருந்தாய் என்று கேளுங்கள். போனை வைத்துவிட்டு அரை மணி நேரம் சொல்லுவான்.